பயண நேரம் குறிப்பவர்களுக்கு ஒரு பழைய நடத்துநரின் திறந்த மடல்

பேருந்துத் தடங்களுக்குப் பயண நேரம் குறிக்கும் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் 29 ஆண்டுகள் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த நிறுவனம், எந்தப் பணிமனை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு பணிமனையில்தான் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்றாகி, ஒரு விசாரணையோடும் ஒரு இடமாற்றத்தோடும் காரியம் முடிந்துவிடும். நான் சொல்ல வருவது ஒரு பணிமனையின் குறை இல்லை. டிரிப் ஷீட் என்கிற பயணத் தாளில் பயண நேரம் என்று அச்சாகியிருக்கும் ஓர் எண்ணைப் பற்றியது.

என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஒரு நாள், ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி என்று ஒரு வகுப்பு நடந்தது. விடுப்பு நாளில் வரச் சொன்னார்கள். வந்து கையெழுத்துப் போட்டோம். பயிற்சியாளர் நல்ல மனிதர். மூச்சை மெல்ல இழுத்து, நிறுத்தி, மெல்ல விடச் சொன்னார். முந்தின இரவு ஹால்ட் வண்டியில், அதாவது இரவு வெளியூரில் நிறுத்தி வைக்கும் வண்டியில், படுத்திருந்து நேராக வந்திருந்த என் டிரைவர் இரண்டாவது மூச்சிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். மூச்சுப் பயிற்சியால் பயன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது காலையில் நானே செய்கிறேன். ஆனால் அந்த வகுப்பு முழுவதும், அழுத்தம் என்பது எங்கள் மனத்துக்குள் தானாக ஊறும் ஒன்று, அதை நாங்களே இறைத்துக் கொட்ட வேண்டும் என்கிற மாதிரியே பேச்சு நடந்தது. அது எங்கிருந்து வந்து ஊறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த விடைதான் இந்த மடல்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் மன அழுத்தம் என்ற சொல்லை ஸ்ட்ரெஸுக்கும் எழுதுகிறார்கள், டிப்ரஷனுக்கும் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. எங்கள் பணிமனையில் முதலாவதற்கு 'டென்ஷன்' என்று பெயர். அதைச் சொல்லும்போது யாரும் நெற்றியைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள், நெஞ்சையோ வயிற்றையோதான் தொடுவார்கள். மன அழுத்தம் என்று எழுதிவிட்டதாலேயே அது மனத்தோடு நின்றுவிடுகிற விஷயம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள் என்பது என் சந்தேகம். நெருக்கடி என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கூட்டம் நெருக்குவதைப் போல வெளியிலிருந்து நெருக்கும் ஒன்று என்ற பொருளாவது அதில் இருக்கிறது.

ஹான்ஸ் செலி என்ற மருத்துவ ஆய்வாளர், மாண்ட்ரியலில் எலிகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். குளிர், காயம், மிகையான உழைப்பு, மருந்து என எதனால் துன்பப்படுத்தினாலும் அந்த எலிகளின் உடம்பு ஏறக்குறைய ஒரே விதமாக எதிர்வினை காட்டியது என்பது அவர் கண்டது. முதலில் உடம்பு திடுக்கிடுகிறது. துன்பம் தொடர்ந்தால் தாக்குப்பிடிக்கிறது. மேலும் தொடர்ந்தால் ஓய்ந்து விழுகிறது. இந்த மூன்று கட்டங்களையும் நான் எலிகளிடம் பார்த்ததில்லை, டிரைவர்களிடம் பார்த்திருக்கிறேன். முதல் ஓரிரு ஆண்டுகளில் புது டிரைவர் எல்லாவற்றுக்கும் பதறுவார். அதன் பிறகு பதினைந்து இருபது ஆண்டுகள் "பழகிவிட்டது" என்பார். அதிகாரிகளும் அந்தச் சொல்லை நம்பிவிடுகிறார்கள். பழகிவிட்டது என்று அவர் சொல்லும் அந்த ஆண்டுகளில்தான் உடம்பு தன் இருப்பை எடுத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

செலவு நடக்கும் விதத்தை மருத்துவர்கள் தெளிவாகவே விளக்குகிறார்கள். ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும், சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே தள்ளுகிறது, செரிமானம் மந்தமாகிறது. அதே சுரப்பிகள் சற்றுப் பின்னால் கார்ட்டிசோலையும் சுரந்து, உடம்பை அந்த விழிப்பிலேயே நிறுத்தி வைக்கின்றன. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு செய்யும் ஏற்பாடு இது; ஓடி முடித்ததும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். குறுக்கே ஆடு பாய்ந்தால் டிரைவரின் கால் கண்ணிமைக்குமுன் பிரேக்கை மிதிப்பதும் இந்த ஏற்பாட்டின் தயவால்தான். ஆகவே அதைக் குறை சொல்லக்கூடாது. ஆடு போன பிறகும் அது அடங்காமல், நாள் முழுதும், ஆண்டு முழுதும் பாதி திறந்த குழாய் போல ஒழுகிக்கொண்டே இருப்பதுதான் நோய். நாள்பட இரத்த அழுத்தம் நிலையாக ஏறுகிறது, இரத்தச் சர்க்கரை கட்டுக்கு வர மறுக்கிறது, தூக்கம் கெடுகிறது, நோய் எதிர்ப்பு குறைகிறது. 1991இல் வெளியான ஷெல்டன் கோஹனின் ஆய்வில், நலமாக இருந்த 394 பேரின் மூக்கில் சளிக் கிருமி கலந்த சொட்டு விடப்பட்டது. வாழ்க்கையில் நெருக்கடி மிகுந்தவர்களுக்கே சளி அதிகமாகப் பிடித்தது. என் டிரைவருக்கு ஆண்டில் பாதி நாள் மூக்கடைப்பு. தூசியினால் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். தூசியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன்: எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்ட முடியாது. எங்களில் பாதிப் பேர் "அல்சர்" என்று சொல்லி மாத்திரை தின்றோம். அதற்கு டென்ஷனே காரணம் என்று உறுதியாக நம்பினோம். வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் 1980களிலேயே காட்டி, 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். எங்கள் பணிமனைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பல ஆண்டுகள் போன தடம் 38 கிலோமீட்டர், 34 நிறுத்தங்கள், ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒரு வழிப் பயணத்துக்கு, பயண நேரம் 80 நிமிடம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த எண் பழைய எண். அப்போது சாலையில் வேகத்தடை இரண்டோ மூன்றோதான், சிக்னல் கிடையாது, போக முடிந்தது. நான் ஓய்வு பெற்றபோது அதே தடத்தில் 22 வேகத்தடைகள், 4 சிக்னல்கள், இரயில்வே கேட் ஒன்று. கணக்குப் பாருங்கள். ஒரு நிறுத்தத்துக்கு அரை நிமிடம் என்றால் 17 நிமிடம். வேகத்தடைக்குப் பத்து விநாடி வீதம் ஏறக்குறைய நான்கு நிமிடம். கேட் விழுந்தால் 7 நிமிடம். சிக்னல்களுக்கு மிகக் குறைவாக 4 நிமிடம். மொத்தம் 32 நிமிடம் போக, 38 கிலோமீட்டரைக் கடக்க மிச்சம் இருப்பது 48 நிமிடம். அதாவது, நிற்காத நேரமெல்லாம் சராசரி 47 கிலோமீட்டர் வேகத்தில், சந்தைக்குள்ளும் பள்ளிக்கூட வாசலிலும் அதே வேகத்தில், அந்த வண்டி போக வேண்டும். எந்த டிரைவராலும் அது முடியாது. அரை நிமிடத்தில் நாற்பது பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் ஏறிவிட முடியாது என்பதை நான் இன்னும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்படியென்றால் குறையும் நிமிடங்கள் எங்கிருந்து வருகின்றன? கடைசி நிறுத்தத்தில் அடுத்த சிங்கிளுக்கு முன் டிரைவருக்கென்று எழுதியிருக்கும் பத்து நிமிடத்திலிருந்து வருகின்றன. அவர் டீ குடிக்கும் நேரம், சிறுநீர் கழிக்கும் நேரம், முதுகை நிமிர்த்தும் நேரம் அது. வண்டி பன்னிரண்டு நிமிடம் லேட்டாக வந்து சேர்ந்தால் அந்தப் பத்தும் போய்விட்டது, அடுத்த சிங்கிள் கடனில் தொடங்குகிறது. அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு நிமிடத்தையும் அவர் தன் சிறுநீர்ப்பையிலிருந்தும் வயிற்றிலிருந்தும் கொடுக்கிறார். போக இடமும் நேரமும் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அதன் பிறகு கல்லடைப்பு என்று மருத்துவமனைக்குப் போவார். பெண் நடத்துநர்கள் படும் பாட்டை நான் எழுதுவதைவிட, நீங்கள் அவர்களிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு மேல் டீசல். ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொரு டிரைவருக்கும் கணக்கு உண்டு. குறைந்தால் அறிவிப்புப் பலகையில் பெயர் ஏறும். டீசல் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சீராக, நிதானமாக ஓட்ட வேண்டும். டைம் பிடிக்க வேண்டுமானால் விரட்டி ஓட்டிச் சடாரென்று நிறுத்த வேண்டும். லேட் என்று ஒரு மேசையிலிருந்து மெமோ, டீசல் என்று இன்னொரு மேசையிலிருந்து மெமோ. இரண்டு மேசைகளும் ஒரே அறையில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

வேலையால் வரும் நெருக்கடியைப் பற்றி ஆராய்ந்த இராபர்ட் கராசெக் என்பவர் 1979இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலைச் சுமை மட்டும் மனிதனை முறிப்பதில்லை. சுமை கூடி, அந்த வேலையைச் செய்யும் முறையில் அவனுக்கு ஒரு பிடியும் இல்லாமல் போகும்போதுதான் முறிவு வருகிறது என்பது அதன் சாரம். எங்கள் டிரைவருக்கு எதன்மேல் பிடி இருந்தது? கேட் அவர் கையில் இல்லை. கூட்டம் அவர் கையில் இல்லை. வண்டியின் கிளட்ச் எப்படி இருக்கும் என்பதுகூட அன்று காலையில்தான் தெரியும். லேட்டுக்கான பதில் மட்டும் அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

பெரிய பதவிக்குத்தான் பெரிய டென்ஷன் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. அதிகாரிகளாகிய உங்களுக்கு அதுவும் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த வொய்ட்ஹால் ஆய்வில், மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் கண்டது வேறு. அடிமட்டப் பணியில் இருந்த ஆண்கள் இதய நோயால் இறந்த விகிதம், உச்சிப் பதவியில் இருந்தவர்களின் விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சியது.

பேருந்துத் தொழிலாளர்களைப் பற்றியே ஒரு பழைய ஆய்வு உண்டு. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இலண்டன் மாடிப்பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெரிமி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டு 1953இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஒரே வண்டி, ஒரே புகை, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகமாகவும் கடுமையாகவும் வந்தது. உடலுழைப்பே காரணம் என்று மாரிஸ் சொன்னார். பின்னர் அவரே, சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைச் சேகரித்துப் பார்த்து, ஓட்டுநர்கள் தொடக்கத்திலேயே பருமனானவர்களாக இருந்ததையும் எழுதினார். ஆகவே நெருக்கடி மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வை நான் வளைக்க மாட்டேன். என் ஊகம் ஒன்று உண்டு, அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: கேட் விழுந்தபோதும் பயணி சண்டைக்கு வந்தபோதும் எனக்கும் அட்ரினலின் சுரந்திருக்கும், ஆனால் நான் முன்படிக்கும் பின்படிக்கும் நடந்து, சத்தம் போட்டு, நாலு பேரிடம் புலம்பி அதைக் கரைத்துவிட்டேன். டிரைவர் அதே அட்ரினலினை வைத்துக்கொண்டு, ஓடுவதற்குத் தயாரான உடம்போடு, இஞ்சின் சூட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

என்னோடு பதினொரு ஆண்டுகள் ஜோடியாக ஓடிய டிரைவர் அண்ணனுக்கு இரத்த அழுத்தம் இருந்தது பணிமனையில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள், வண்டி ஓட்டினால் கிடைக்கும் பேட்டாவும் போய்விடும் என்ற அச்சத்தில் மாத்திரை அட்டையை என் தோல் பையில், சில்லறைக்கு அடியில் வைக்கச் சொல்லியிருந்தார். காலையில் டீயோடு ஒன்று எடுத்துக் கொடுப்பேன். நான் விடுப்பில் இருந்த நாட்களில் அவர் மாத்திரை போடவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 49 வயதில் ஒரு நாள் மாலை நாலாவது சிங்கிளில், கியர் மாற்றும்போது இடது கை கடுப்பதாகச் சொன்னார். நிறுத்தலாம் என்றேன். "ஏற்கெனவே ஒன்பது நிமிடம் லேட், ஸ்டாண்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். வண்டியில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். பேருந்து நிலையத்தில் வண்டியை நேராக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, அதன் பிறகுதான் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். இன்றும் இருக்கிறார், ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, செய்ய ஒன்றுமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். குக்கர் விசில் அடித்தால் இன்னும் முகம் மாறுகிறது என்று அண்ணி சொல்கிறார். பணியில் இருந்த நாட்களில் வீட்டில் அவர் பேசிய சொற்களைவிட உடைத்த தட்டுகள் அதிகம் என்று, சிரித்துக்கொண்டேதான் என்றாலும், அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அதிகாரிகளே, உங்களிடம் நான் கேட்பது பெரும்பாலும் காகித வேலைதான். ஒவ்வொரு தடத்தின் பயண நேரத்தையும் மறுபடி அளந்து எழுதுங்கள். அதற்குப் புதுக் கருவிகூட வேண்டாம். டிக்கெட் மெஷினில் அடிக்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் நேரம் பதிவாகிறது, ஓராண்டுப் பதிவை எடுத்தால் எந்தத் தடம் எந்த மணிக்கு உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது வந்துவிடும். விடிகாலைக்கு ஒரு நேரம், பள்ளி விடும் மாலைக்கு ஒரு நேரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். முகூர்த்த நாளையும் பண்டிகை நாளையும் வேண்டுமானால் ஒதுக்கிவிடலாம். சாலையைக் கொஞ்சம் சீராக்கினாலே உடம்பு இறங்கி வரும் என்பதற்குச் சான்றும் உண்டு: ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு தடத்தில் பேருந்துக்குத் தனிப்பாதை முதலான திருத்தங்களைச் செய்தபோது, அந்தத் தடத்து ஓட்டுநர்களின் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறைந்ததை ஆய்வாளர்கள் 1999இல் பதிவு செய்தார்கள். யாரும் அவர்களை மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை.

கடைசி நிறுத்தத்தின் ஓய்வு நேரத்தை லேட்டில் கழிக்கக்கூடாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எட்டு மணி நேர நாள், 48 மணி நேர வாரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆள் இல்லை என்று வாரத்துக்கு இரண்டு டபுள் டியூட்டி, அதாவது ஒரே நாளில் இரண்டு பணி, போட்டால் 64 மணி நேரம் ஆகிறது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. டபுள் பார்ப்பவர் பணத்துக்காக விரும்பித்தான் பார்க்கிறார் என்பீர்கள். உண்மைதான், நானும் மகள் படிப்புக்காகப் பார்த்தேன். விரும்பிப் பார்க்கிறார் என்பதற்காக அவருடைய இரத்தக்குழாய் விலக்கு அளிக்காது.

இன்னொன்று. பணிமனையில் மாதம் ஒருமுறை இரத்த அழுத்தம் பாருங்கள். ஆனால் அளவு கூடினால் பேட்டா போகாது, ஸ்டியரிங்கும் உடனே போகாது, மருந்துக்குக் கட்டுப்பட அவகாசம் உண்டு என்று முதலில் எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த உறுதி இல்லாமல் பரிசோதனை மட்டும் வந்தால், மாத்திரை அட்டைகள் இன்னும் ஆழமான பைகளுக்குப் போய்விடும்.

கடந்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக அதே தடத்தில் பயணியாகப் போனேன். கண்டக்டர் தெரிந்த பையன். பயண நேரம் எவ்வளவு என்று கேட்டேன். "எண்பதுதான் அண்ணே" என்றான். வண்டி 17 நிமிடம் லேட்டாகப் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் இறங்கினோம், டிரைவர் இறங்கவில்லை. பையன் ஓடிப்போய் ஒரு டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினான். அவர் பாதி குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றி, கிளாஸை அவனிடம் கொடுத்து, வண்டியைத் திருப்பினார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்